பத்தரை மணிக் கையெழுத்து

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எலுமிச்சை மண்டிக்காரர் புத்தாண்டுக்கு இனாமாகக் கொடுத்த இந்த டைரியில் ஜனவரி முதல் தேதி, 'இன்று முதல் தினமும் எழுதுவேன்' என்று எழுதியிருக்கிறேன். அதன் பிறகு ஏழு மாதம் இந்த உலகத்தில் எழுதும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. இன்று நடந்தது. அகில உலகப் புகழ்பெற்ற குற்றவாளி ஒருவன், ஒரு தோள்பையுடன் புளியங்குடி பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினான். என் அக்காள் மகன் இசக்கிராஜா. வயது இருபத்துமூன்று. தொழில், நடப்பது.

ஆமாம், நடப்பது. நடைப் போட்டி என்று ஒன்று இருக்கிறது. ஓடத் தெரியாதவர்களின் மனம் நோகக் கூடாதென்று எவனோ ஒரு தர்மவான் கண்டுபிடித்தது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டுமாம். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாதாம். இந்தச் சட்டதிட்டங்களோடு இடுப்பை வாத்து மாதிரி ஆட்டிக்கொண்டு இருபது கிலோமீட்டர் போவார்கள். இந்தக் கூத்தில் என் மருமகன் மாநிலத்திலேயே இரண்டாவது.

போன மாதம் பாளையங்கோட்டையில் போட்டி. கடைசிச் சுற்றில் முதல் ஆளாக வந்தவனை, 'நீ ஓடிவிட்டாய்' என்று தலைமை நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டி வெளியேற்றினார். இவன் அவர் தாடையில் ஒரே ஒரு குத்து விட்டான். தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. பன்னிரண்டு நாள் ஜெயில். இப்போது கண்டிஷன் ஜாமீன். பாளையங்கோட்டைப் பக்கம் தலை வைக்கக் கூடாது. என் வீட்டில் தங்கி, மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை பத்தரைக்கு எங்கள் ஊர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மறுபடி உள்ளே. வழக்கில் தோற்றால் ஏழு வருஷம்கூட ஆகலாம் என்கிறார் வக்கீல்.

புகாரில் ஒரு சில்லறை விவரமும் இருக்கிறது. குத்துக்கு முன்னால் கூட்டத்திலிருந்து யாரோ 'போடுல அவன!' என்று கத்தினார்களாம். கணீரென்ற குரலாம். ஆள் அடையாளம் தெரியவில்லை. நானும் அன்று மைதானத்தில்தான் இருந்தேன். ஆனால் சரியாக அந்த நேரம் டீ குடிக்கப் போய்விட்டேன். அக்காளிடம் மட்டும், ஒன்றுக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே திசைதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

முதல் கையெழுத்து. ஜாமீன்தார் என்ற முறையில் நானும் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு போனேன். ஸ்டேஷனில் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. ஏட்டம்மா ஸ்டெல்லா புஷ்பம் நோட்டை இவன் பக்கம் தள்ளினார்.

"கோட்டுக்குள்ள போடு. ஆட்டோகிராப் கேக்கல. ஏல, கத்துனது யாருன்னு இன்னும் ஞாபகம் வரலையா?"

"தெரியாது மேடம்."

"உன் முதுகுக்குப் பின்னால நின்னு கத்தியிருக்கான். உனக்குத் தெரியாதாக்கும்?"

"கூட்டமா இருந்துச்சு மேடம்."

ஏட்டம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நேத்து கோயில் கொடையில நீங்கதான மைக்கு? மூணு தெரு தள்ளி என் வீட்டு ஜன்னல் ஆடிச்சு."

ஆவுடை சவுண்ட் சர்வீஸின் உரிமையாளரை, நான்கு தாலுகாவிலும் மைக் இல்லாமலே மைக் பேசக்கூடிய ஒரே மனிதனை, ஒரு அரசு ஊழியர் பாராட்டுகிறார். நான் பூரித்திருக்க வேண்டும். "தொண்டையில புண்ணு ஏட்டம்மா" என்று முனகிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இட்லி பதினாலு. இந்த வேகத்தில் தின்றால் தஞ்சாவூர் ஜில்லா தாங்காது.

விடிந்ததும் கொல்லையில் நடக்கிறான். கிணற்றிலிருந்து மாட்டுத் தொழுவம், தொழுவத்திலிருந்து கிணறு. மாடு பால் கறப்பதை நிறுத்திவிட்டு இவன் இடுப்பையே பார்க்கிறது. செண்பகவல்லியிடம் முறையிட்டேன்.

"அவன் நடக்கட்டும்" என்றாள் என் தர்மபத்தினி. "நீங்க எப்ப நடக்கப் போறீய? கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரே எடத்துல ஒக்காந்து பேசிக்கிட்டே இருக்கீய."

ஆகஸ்ட் 8, வெள்ளி

நான் பகுத்தறிவாளன். ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம் என்பது என் கருத்து இல்லை, காலண்டரில் அச்சடித்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒருவன் தன் தலையெழுத்தின் கீழே கையெழுத்துப் போடலாமா? பத்து இருபதுக்கே இவனைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"பத்தரைக்குத்தான் நோட்டு" என்றார் ஏட்டம்மா.

"ஒரு பத்து நிமிசம் முன்னால போட்டா கோர்ட்டு குடியா முழுகிரும்?"

"ஒரு நிமிசம் முன்னாலயும் கிடையாது, ஒரு நிமிசம் பின்னாலயும் கிடையாது. ராகுவை வேணா மனு குடுக்கச் சொல்லுங்க."

கடைசியில் இவன் சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்து அனுப்பினேன். வெளியே வந்ததும் அதை ஸ்டேஷன் நாய்க்கு உருட்டிவிட்டான். நாய்க்கும் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வக்கீல் போன் செய்தார். கோர்ட் அனுமதித்தால் சமரசமாக முடிக்கக்கூடிய வழக்குதானாம். ஆனால் அடிபட்டவர் மனசு வைக்க வேண்டும். அடிபட்டவர் தேவசகாயம், ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். இவன் அவரைப் பார்க்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு. ஆகவே தூது போகும் பொறுப்பு பேச்சில் வல்லவனான என் தலையில் விழுந்தது.

"நீ என்ன சொல்லுதே? மன்னிப்புக் கேக்கியா?" என்றேன்.

"அடிச்சதுக்குக் கேக்கேன். ஆனா நான் ஓடல மாமா. காலு தரையிலதான் இருந்துச்சு. அந்த ஆளுக்குக் கண்ணு தெரியல."

சொல்லிவிட்டு என் சவுண்டு பெட்டியை ஓர் உதை விட்டான். நாற்பது கல்யாணம் பார்த்த பெட்டி. நான் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பயமெல்லாம் இல்லை. பெட்டியின் உடல்நலத்தை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பாளையங்கோட்டை போனேன். தேவசகாயம் வீட்டு முன்னறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடையை மேலும் கீழும் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வாய் திறக்க முடியாது. ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி குடிக்கிறார். அறுபத்தெட்டு வயது. மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு, பேனா. பேச வேண்டியதை எழுதிக் காட்டுகிறார்.

நோயாளி வீட்டின் கண்ணியம் கருதி நான் மிக மெல்லிய குரலில் பேசினேன். என் மனைவியே கேட்டிராத குரல். பூனைக்குட்டி ரகசியம் சொல்வது மாதிரி இருந்தது. அவர் இரண்டு தடவை காதில் கை வைத்து, 'சத்தமாக' என்று சைகை காட்டினார். தொண்டைப் புண் என்று நானும் சைகை காட்டினேன்.

அவர் எழுதிக் கொடுத்தது:

'மன்னிக்கிறது பெரிய காரியமில்ல. ரெண்டு கேள்விக்கு உண்மையான பதில் வேணும். ஒண்ணு, கடைசிச் சுற்றில் அவன் ஓடினானா, நடந்தானா? ரெண்டு, கத்தினது யாரு? அந்தச் சத்தம் வரும்வரைக்கும் பையன் கை தொங்கித்தான் கிடந்தது.'

அவர் சம்சாரம் எனக்கு காப்பி கொடுத்தார். அவருக்குக் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "என்னைக்கும் ஞாயித்துக்கெழமை கோயில்ல இவுங்கதான் முதல் பாட்டு எடுத்துக் குடுப்பாவ" என்றார். காப்பியில் சர்க்கரை அதிகம். குடிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

முதல் கேள்வியை மருமகனிடம் சொன்னேன். "ஓடல" என்றான். இரண்டாவதைச் சொல்லவில்லை. எழுத்து தெளிவாக இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினமும் ராகு காலமும் ஒரே நாளில். இந்தத் தடவை என் ராஜதந்திரத்தைக் காட்டுவதென்று முடிவு செய்தேன். மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்துக்கு நம் மைக்செட். ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர். குழாயைக் கட்ட ஆள் வேண்டும் என்று இவனை மொபெட்டில் ஏற்றிப் போனேன். ஒன்பதரைக்கு எல்லாம் முடிந்தது. திரும்பக் கிளம்பினால், விதி என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், வண்டியில் சொட்டு பெட்ரோல் இல்லை.

"கவலப்படாத மருமவனே. இன்னைக்கு அரசாங்க விடுமுறை. பன்னெண்டு ஒண்ணுக்குப் போனா ஏட்டம்மா முட்டாயே குடுக்கும்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்பது நாற்பத்தெட்டு. குனிந்து ஷூ நாடாவை இறுக்கினான். போய்விட்டான்.

பஸ் இல்லை. எனக்குக் கால் மணி நேரம் கழித்துத்தான் எலுமிச்சை மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று கிடைத்தது. மூட்டைமேல் உட்கார்ந்து துரத்தினேன். புளியந்தோப்பு தாண்டித்தான் கண்ணில் பட்டான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"ஏ, வயித்துக் கடுப்பு போலுக்கு! வழி விடுங்கப்பா!"

"இடுப்பப் பாரு, நம்ம கரகாட்டக் கோஷ்டி தோத்துது!"

அவன் திரும்பவில்லை. பக்கத்தில் போனதும் நான் உச்சத் தொனியில் கத்தினேன். "ஏல கோட்டி, ஓடுல! எவன் பாக்கான்? ஏறு வண்டியில!"

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இடமும் ஒதுக்கினேன். ஏறவில்லை. ஓடவும் இல்லை. முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. கண் மட்டும் தன் காலுக்கு மூன்றடி முன்னால் தார் ரோட்டிலேயே ஒட்டியிருந்தது. நான் மூட்டையிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, எங்கேயாவது இரண்டு கால் பாதத்துக்கும் கீழே ஒரே நேரத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். கேலி செய்ய ஏதாவது கிடைக்கும் என்றுதான். ஒரு நூல் வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

பத்து இருபத்தேழுக்கு ஸ்டேஷன் வாசல். பத்தரைக்குக் கையெழுத்து. நோட்டில் இவன் வேர்வை இரண்டு சொட்டு விழுந்து, முந்தின நாள் கையெழுத்து கலங்கிவிட்டது. ஏட்டம்மா தண்ணீர்ப் பானையைக் காட்டினார். அப்புறம் என்னிடம், "பெட்ரோல் தீந்துட்டோ அண்ணாச்சி?" என்றார். போலீஸ்காரர்கள் கேட்கும் தொனியே சரியில்லை.

வீட்டுக்கு வந்தால் செண்பகவல்லி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். "பூசை அலமாரிக்குக் கீழ ரெண்டு பாட்டில் பெட்ரோல் இருக்கே, என்னது? ராகுவுக்கு அபிஷேகமா?"

விதி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, நேற்று ஆட்டோவில் ஏறாத அவன் மடத்தனத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் குறுக்கிட்டான்.

"நேத்து வழி முழுக்கக் காலயே பாத்துக்கிட்டு வந்தேன் மாமா. ஒரு தடவகூட ரெண்டு காலும் எந்திரிக்கல."

"அதான் நானும் சொல்லுதேன், எவன் அட்டையத் தூக்கிக்கிட்டு நிக்கப் போறான்னு..."

"அன்னைக்கு எந்திரிச்சுது. கடைசி நூறு மீட்டர்ல. எனக்கே தெரிஞ்சுது. அவர் பாத்தது சரிதான்."

குழாயை மூடினான்.

"அவர் சொன்னது பொய்யா இருந்தா அடிச்சிருக்க மாட்டேன். உண்மையச் சொன்னாரு. அதான் தாங்கல."

நானும் சும்மா இருந்திருக்கலாம். வாய் என்று ஒன்று இருக்கிறதே. "அந்தக் கத்துன மூதி மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"கத்துனவர் என்ன செய்வாரு? கை என்னது."

"ஆள் யாருன்னு உனக்குத் தெரியுமால?"

தட்டைக் கவிழ்த்து வைத்தான். "பன்னெண்டு நாளும் உள்ள வச்சு அதத்தான் கேட்டாங்க. அத்தை சோறு போடுதாவ, விடுங்க மாமா."

இன்று இட்லி எத்தனை என்று எண்ணவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

தேவசகாயத்துக்கு இவன் எழுதிய கடிதம்: 'சார், நான் ஓடினேன். நீங்கள் பார்த்தது சரி. அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தகுதி இல்லை, ஆனாலும் கேட்கிறேன். இசக்கிராஜா.' இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட இதைவிட அலங்காரமாக எழுதும். 'அன்புசால் ஆசான் அவர்களின் பொற்பாத கமலங்களுக்கு' என்று ஆரம்பிக்கச் சொன்னேன். கேட்கவில்லை. நான் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கொண்டு போகவில்லை. தொண்டைப் புண்.

ஆகஸ்ட் 20, புதன்

தொண்டைப் புண்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கையெழுத்துப் போட்டுவிட்டு மருமகன் முன்னால் போனான். ஏட்டம்மா என்னை மட்டும் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, பாளையங்கோட்டைலேருந்து இன்ஸ்பெக்டர் பேசினாரு. கூட்டாளிய மறைக்கான், ஜாமீன ரத்து பண்ணுங்கன்னு கோர்ட்டுல கேக்கப் போறாவ. வார திங்கக்கெழம மனுப் போட்டா, அவன் திரும்ப உள்ளதான்."

"அவனுக்குத்தான் யாருன்னு தெரியாதே ஏட்டம்மா."

"தெரியாதுதான்." நோட்டை மூடினார். "ஒங்க தொண்டை எப்படி இருக்கு? எட்டு நாளா ஊருல ஒரு விளம்பரச் சத்தமும் கேக்கல. எங்க வீட்டு ஜன்னலுக்கே என்னமோ மாதிரி இருக்கு."

ஆகஸ்ட் 22, வெள்ளி

இவன் பத்தரைக்கு ஸ்டேஷனுக்குள் நுழைந்தான். நான் பத்தரைக்குத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன். கொழுத்த ராகு காலம். காலண்டரைப் பார்க்கவில்லை. பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது, அது எதற்கோ கிடந்தது.

தேவசகாயம் கடிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நோட்டில், 'முதல் பதில் சரி. ரெண்டாவது?' என்று எழுதினார்.

நான் பேச்சில் வல்லவன். வழி நெடுக, மூன்று மணி நேரம், முப்பது விதமான முன்னுரை தயாரித்திருந்தேன். கூட்ட உணர்ச்சி, குடும்பப் பாசம், தாய்மாமன் உரிமை, வெயிலின் கொடுமை. ஒன்றும் வரவில்லை. எழுந்து நின்றேன். பூனைக்குட்டிக் குரலை விட்டேன். சொந்தக் குரலை எடுத்தேன்.

"போடுல அவன!"

ஜன்னல் ஆடியது. அடுப்படியில் ஏதோ பாத்திரம் உருண்டது. அவர் சம்சாரம் கரண்டியோடு ஓடிவந்தார். தேவசகாயத்தின் கை தானாகவே தாடைக்குப் போனது. அப்படியே வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் என் குரலுக்கு இவ்வளவு கவனமாக ஒரு சபை அமைந்ததில்லை.

நான் உட்கார்ந்துவிட்டேன். பஸ் பயணக் களைப்பு.

பேனாவை எடுத்தார். 'இதை கோர்ட்டில் சொல்வீரா?'

"சொல்லுதேன் சார். மைக் வேண்டாம்."

அவருக்குச் சிரிப்பு வந்ததா, வலித்ததா என்று தெரியவில்லை. கம்பி கட்டின வாயில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். நெடுநேரம் எழுதினார்:

'பையனுக்குக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். அவன் நல்லா நடப்பான், நடக்க வையும். உமக்கு ஒரு கண்டிஷன். என் வாய் திறக்கிறவரைக்கும் உம்ம வாய் மூடியிருக்கணும். மைக் தொடக் கூடாது. கூட்டத்தில் சத்தம் போடக் கூடாது. ஞாயித்துக்கிழமை தோறும் மைதானத்துக்கு வந்து சும்மா உக்காரணும்.'

ஏழு வருஷத்தைவிடக் கொடுமையான தண்டனை. ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

வீட்டில் சொன்னேன். செண்பகவல்லி ஆச்சரியப்படவில்லை. "ஒங்க சத்தம் எனக்குத் தெரியாதா? அன்னைக்கு டிவியில காட்டும்போதே கேட்டேன்" என்றாள். ஒரு மாதமாக எனக்குச் சோறு போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருமகன் என் சவுண்டு பெட்டியில் தான் உதைத்து உடைத்த பலகைக்குப் புதிதாக ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 1, திங்கள்

கோர்ட். ஏட்டம்மா என் வாக்குமூலத்தை முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்ததால் ஜாமீன் ரத்து மனு வரவில்லை. மாண்புமிகு நீதிபதி என்னை ஒன்றரை நிமிடம் பாராட்டினார். அந்தப் பாராட்டுரையில் 'வெட்கமாக இல்லையா' என்ற சொற்றொடர் இரண்டு முறை இடம்பெற்றது. தேவசகாயம் சமரச மனுவில் கையெழுத்துப் போட்டார். இசக்கிராஜாவும் போட்டான். என்னையும் போடச் சொன்னார்கள். கோட்டுக்குள்தான் போட்டேன்.

வழக்கு முடிந்தது. வெளியே வந்ததும் இவன் கடிகாரத்தைப் பார்த்தான். பத்தரை. பழக்கம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பாளையங்கோட்டை மைதானம். மாநிலப் போட்டிக்கு முன்னோட்டம். நான் சிமெண்டுப் படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தேவசகாயம் திருப்பத்தில் தொப்பியோடு நின்றார். தாடையில் இன்னும் கம்பி. வருகிற புதன்கிழமைதான் அவிழ்ப்பார்களாம்.

இருபது பேர் இடுப்பாட்டிக்கொண்டு போனார்கள். கரகாட்டம்தான், சந்தேகமே இல்லை. பதினெட்டாவது கிலோமீட்டரில் என் மருமகன் முன்னால் வந்தான். தேவசகாயம் கை உயர்ந்தது. மஞ்சள் அட்டை. இவனுக்குத்தான். எச்சரிக்கை.

அநியாயம். காலுக்குக் கீழே ஒரு நூல் வெளிச்சம் இல்லை. நான் பார்த்தேன், இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, தொண்டைக்கு வந்து நின்றது. எழுந்துவிட்டேன். வாயும் திறந்துவிட்டது.

இவன் அட்டையைப் பார்த்தான். தலையை ஆட்டினான். தன் காலைப் பார்த்துக்கொண்டு, எட்டி வைக்கும் அடியைக் கொஞ்சம் குறைத்து, நடந்தான். இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள்.

சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் இருந்தது. எடுத்து, தோலோடு முழுசாகக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.